கேமராவை மறைத்த புங்கமரம்

எனக்கு மரம் என்றாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை மரத்துக்குப் பரிந்து பேசுகிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் அய்யா காலத்தில் கடலாடிப் பக்கம் யாரோ அதிகாரிகள் வந்தார்களாம். விறகுக்கு விறகு, வேலிக்கு வேலி என்று சொல்லிச் சீமைக்கருவேல விதையைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அது வேலியைத் தாண்டி வயலுக்கு வந்தது. வயலைத் தாண்டிக் கண்மாய்க்குப் போனது. கடைசியில் நாங்கள் ஊரைத் தாண்டி வெளியே வந்தோம். அன்றிலிருந்து, கையில் செடியை வைத்துக்கொண்டு எவன் சிரித்தபடி வந்தாலும் நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

ராமநாதபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குத் தெற்கே ஒரு தெருவில் இருபது வருடமாக வண்டி போட்டுத் துணி தேய்க்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நகராட்சிக்காரர்கள் அந்தத் தெருவில் பதினொரு புங்கங்கன்று நட்டார்கள். நட்டார்கள் என்பதைவிட, கன்றோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். மூன்றை ஆடு தின்றது. இரண்டை பைக் ஏற்றிக் கொன்றார்கள். மிச்சத்தை, பாவம், தண்ணீர் ஊற்றியே கொன்றார்கள். எங்கள் ஊர் போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது, செடி எப்படித் தழைக்கும்?

ஒன்று மட்டும் பிழைத்தது, ஃபஸீலா வீட்டு வாசலில். அந்தப் பெண்பிள்ளை போர் தண்ணீர் ஊற்றவில்லை. அரிசி களைந்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் என்று வீட்டில் மிஞ்சியதை எல்லாம் கொண்டுவந்து ஊற்றும். வெயில் காலத்தில், குடம் இத்தனை ரூபாய் என்று வாங்குகிற நல்ல தண்ணீரிலும் ஒரு செம்பு போகும்.

"தங்கச்சி, நீ சோறு போட்டு வளக்குறே. இது வளந்து உன் சுவரத்தான் இடிக்கப் போகுது" என்றேன்.

"அதுக்கு முன்னாடி உங்க வண்டிக்கு நிழலு குடுத்துரும், பாருங்கண்ணே" என்றது.

கொடுத்தது. ஐந்தாம் வருடம் வண்டியை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். எதிர்ப்புறம் ரோடு சரிவாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். எவனும் நம்பவில்லை. கையில் கரி நெருப்புப் பெட்டி, தலைக்கு மேல் சித்திரை வெயில் என்று நின்று பார்த்தவனுக்குத்தான் அந்தச் சங்கடம் தெரியும். புங்கமரத்தடிக்கு வந்த பிறகு வண்டித் தகரத்தில் மத்தியானம்கூடக் கை வைக்க முடிந்தது.

நிழல் விழுந்ததும் ஆட்கள் வந்தார்கள். தெருக் கூட்டுகிற மகேஸ்வரி அங்கேதான் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். சித்திரையில் பூ கொட்டும்போது, "இந்த மரம் எனக்குன்னே கொட்டுது" என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே அதன் அடியில்தான் உட்காருவாள். சிலிண்டர் கொண்டு வருகிறவன், தபால்காரர், ஆட்டோக்காரர்கள் என்று எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். மேலே இருக்கிற காக்காய்கள் தேய்த்த துணியைக் குறிபார்க்கும். அதற்காக நான் சாக்கு கட்டியிருக்கிறேன்.

ஃபஸீலாவின் மகன் ஷாகிர் தோஹாவில் கட்டட வேலை சூப்பர்வைசர். இந்த மாசியில் லீவில் வந்தான். அப்போது பின் தெருவில் ஒரு வீட்டில் பட்டப்பகலில் பூட்டை உடைத்திருந்தார்கள். இவன் வாப்பா மௌத்தாகி மூன்று வருடம் ஆகிறது, உம்மா வீட்டில் தனி. பயந்துபோனவன், மாடிச் சுவரில் ஒரு கேமராவை மாட்டிவிட்டுப் போனான். நான் எத்தனை துணி தேய்க்கிறேன் என்று எண்ணத்தான் மாட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் பையன் ஒரு தப்புப் பண்ணிவிட்டான். மாசியில் புங்கமரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். அந்த நேரம் பார்த்து மாட்டியிருக்கிறான். கேட், ரோடு, என் வண்டி, எல்லாம் போனில் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. அவன் விமானம் ஏறின கையோடு மரம் துளிர்த்தது. பங்குனி பாதிக்குள் குடை விரித்த மாதிரி ஆகிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் தலைக்கு மேல் இருந்து சத்தம். "அய்யா... அய்யா..."

மகேஸ்வரி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். "யாருலே அது மரத்து மேல?"

"மரத்து மேல இல்லய்யா. நான் ஷாகிர். கேமராலருந்து பேசுறேன்."

"தோஹாவுக்குப் போன பய எப்படிலே செவுத்துக்குள்ள வந்தே?"

"அதுல ஸ்பீக்கர் இருக்குய்யா. எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. ஒரே பச்சையா இருக்கு. உம்மாவும் தெரியலை, கேட்டும் தெரியலை."

"பச்சையப் பாத்தா கண்ணுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லுறாரு. பாத்துக்கிட்டே இரு."

மகேஸ்வரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவன் சிரிக்கவில்லை. கொப்பைக் கொஞ்சம் விலக்கிக் கட்ட முடியுமா என்று கேட்டான். வேண்டாத வேலை. இருந்தாலும் ஒரு நைலான் கயிற்றைப் போட்டு இழுத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். கடல் காற்று சும்மா விடுமா? ஒரு மணி நேரத்தில் அவிழ்த்துவிட்டது. மறுபடி கட்டினேன். நாளைக்கு ஐந்து தடவை, "அய்யா, கயிறு" என்று சுவர் கூப்பிடும். எட்டாம் நாள் நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவன் மரத்தையே வெட்டச் சொல்லிவிட்டான். மரம் சுவரில் சாய்கிறது என்று நகராட்சிக்கு யாரை வைத்தோ எழுதிக் கொடுத்து அனுமதியும் வாங்கியாயிற்றாம். வெள்ளிக்கிழமை ஆள் வரும், ஜும்மா தொழுகை முடித்துத் தான் லைனில் வந்த பிறகு கை வைத்தால் போதும், சுவரில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றானாம்.

"நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா தங்கச்சி?" என்று ஃபஸீலாவிடம் கேட்டேன்.

"அவன் அங்கன தூங்க மாட்டேங்கிறான்ணே. எம்புள்ள நிம்மதிய விடவா மரம் பெருசு? போனாப் போகுது."

வாய் அப்படிச் சொன்னது. கை மரத்துப் பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தது.

மரம் போனால் எனக்கு அந்தத் தெருவில் இடம் இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிற வேம்பில் ஜூஸ் வண்டிக்காரன் நிற்கிறான், அதற்கு அடுத்த வாகையில் செருப்புத் தைக்கிறவர். இந்த ஊரில் ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு ஆள் இருக்கிறான். எழுபது வயதில் கரிப்பெட்டியோடு வெயிலில் நின்றால் துணிக்கு முன்னால் நான் கருகிவிடுவேன். ஃபஸீலாவிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் காரியத்துக்காகப் பேசுகிறான் என்று நினைக்கும். அது உண்மையும்கூட.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே பிரபு என்கிறவன் மெஷின் வாள், கயிறு, ஏணி எல்லாம் கொண்டு வந்துவிட்டான். நம் ஊருக்கும் தோஹாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே ஜும்மா முடிய இங்கே மூன்று மணி ஆகிவிடும். பிரபு தெருவில் நாலு பக்கமும் பார்த்தான். பிறகு நேராக வந்து புங்கமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான்.

"ஏலே, வெட்டப்போற மரத்தடியில என்ன படுக்கை? போய் வெயில்ல கிட" என்றேன்.

"வெட்டுற வரைக்கும் அது மரந்தான, பெருசு" என்றான் கண்ணைத் திறக்காமல்.

மகேஸ்வரி தன் டப்பாவிலிருந்து அவனுக்கு ஊறுகாய் வேறு கொடுத்தாள். "இவனுக்கு எதுக்கு?" என்றேன். "அவன் என்ன செய்வான், கூப்பிட்டாக வந்தான்" என்றாள். பிரபு அதற்குள் எழுந்து, முதுகை மரத்தில் சாய்த்துக்கொண்டு, இந்தத் தெருவில் காற்று நன்றாக வருகிறதே என்று பாராட்டிக்கொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு பேண்ட்டுக்கு இரண்டு மடிப்பு விழுந்துவிட்டது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஃபஸீலா கையில் மோரோடு வெளியே வந்தது. வெட்ட வந்தவனுக்கு மோர்! கேட்டைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தது. செம்பு முதலில் விழுந்தது. அடுத்து ஃபஸீலா சாய்ந்தது.

பிரபு எப்படி எழுந்தான், எப்படிப் பாய்ந்தான் என்று தெரியவில்லை. தலை கல்லில் படுவதற்கு முன்னால் தாங்கிவிட்டான். மகேஸ்வரி ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டாள். "சுகர் இருக்குல்ல, இனிப்புக் குடு, இனிப்புக் குடு" என்று கத்தினாள். பிரபு சட்டைப் பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்துப் பொடித்து வாயில் வைத்தான். நான் தண்ணீருக்கு ஓடினேன். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைக்க மறந்துவிட்டேன். பேங்க் ஆபீசர் ஒருவரின் சட்டை முதுகில் புகைந்தது.

சரியாக அந்த நேரம் சுவர் பேசியது. "என்ன சத்தம்? யாரு விழுந்தா? உம்மா எங்க? யாராச்சும் சொல்லுங்க, எனக்கு இலைதான் தெரியுது!"

நான் தண்ணீரைக் கொண்டுவந்து முகத்தில் தெளித்தேன். அவன் கத்திக்கொண்டே இருந்தான். இரண்டு நிமிடம் கழித்து ஃபஸீலா கண்ணைத் திறந்தது. மேலே கேமராவைப் பார்த்து மகனிடம், "ஒண்ணுமில்ல வாப்பா. மாத்திரை போட்டுட்டுச் சாப்பிட மறந்துட்டேன்" என்றது. மறக்கவில்லை. காலையிலிருந்து அதற்குச் சோறு இறங்கவில்லை என்று வாசலில் இருந்த எங்களுக்குத் தெரியும்.

சுவரிலிருந்து அழுகிற மாதிரி ஒரு மூச்சு வந்தது. பிறகு ஷாகிர் சொன்னான்: "பாத்தீகளாய்யா? இதுக்குத்தான் சொன்னேன். மரம் இல்லைன்னா நான் பாத்திருப்பேன்ல?"

"பாத்து?" என்றேன்.

கேமராவுக்குக் கீழே போய் நின்றேன்.

"ஏலே, பாத்து என்ன செஞ்சிருப்பே? அங்கருந்து கையை நீட்டித் தாங்கியிருப்பியா? தாங்குனது உன் மரத்த வெட்ட வந்தவன். மிட்டாயும் அவன் பையிலதான் இருந்துச்சு. மடியில போட்டுக்கிட்டது மகேஸ்வரி. இவுகள்லாம் எதுக்கு இங்கன கிடக்காக? உன் வீட்டு அழகப் பாக்கவா? நிழலுக்குடா. மரத்த வெட்டு, உனக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரியும். ரோடு தெரியும். கேட்டு தெரியும். உங்க உம்மா விழுந்தா அதுவும் நல்லாத் தெரியும். தூக்கத்தான் ஆளு இருக்காது."

"அண்ணே, விடுங்க, புள்ள பயந்துருவான்" என்றது ஃபஸீலா.

"பயப்படட்டும்" என்றேன். என் பிழைப்புக்காகத்தான் பேசினேன். ஆனாலும் சொன்னதில் பொய் இல்லை.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தால் கேமராவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பிரபு எழுந்து நின்று கையைத் துடைத்துக்கொண்டான்.

"சார், வெட்டவா வேணாமா? சொன்னா மெஷினுக்கு ஆயில் ஊத்துவேன்."

"அண்ணே, ஏணி கொண்டாந்திருக்கீகளா?" என்றது சுவர்.

"இருக்கு சார்."

"அப்ப அந்தக் கேமராவக் கழட்டிக் கீழ, கேட்டுத் தூணுல மாட்டிருங்க. இலைக்குக் கீழ."

பிரபு என்னைப் பார்த்தான். "இத முதல்லயே செஞ்சிருக்கலாமே சார்?"

"மொட்டை மரத்தப் பாத்துட்டு விமானம் ஏறுனவனுக்கு எம்புட்டு உசரத்துல இலை வரும்னு எப்படித் தெரியும்?" என்று நான் பதில் சொன்னேன். சுவரில் லேசாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிரபு ஆணி அடித்தான். ஏணி ஆடாமல் நான் பிடித்துக்கொண்டேன். வந்த வேலை நடக்கவில்லை, ஆனால் வந்ததற்கு ஃபஸீலா அவனுக்குச் சோறு போட்டு அனுப்பியது, தானும் சேர்ந்து சாப்பிட்டது.

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. கேமரா இப்போது சரியாக என் முகத்துக்கு நேரே இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. தோஹாவில் இருந்துகொண்டு, "அய்யா, அந்த நீலச் சட்டையில காலரு சரியா படியலை" என்கிறான். வெள்ளிக்கிழமை லீவில் மகேஸ்வரியோடு சினிமாக் கதை பேசுகிறான். தனியாக உள்ளே இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம், அதனால் ஃபஸீலா மத்தியானம் நாற்காலியைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டு வெங்காயம் உரிக்கிறது. அந்த நேரம்தான் அவனுக்குச் சாப்பாட்டு நேரம். அங்கே அவன் சாப்பிடுவான், இங்கே இது வெங்காயம் உரிக்கும்.

நேற்று அப்படி இருக்கும்போது தூண் மெதுவாகக் கூப்பிட்டது.

"அய்யா, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்களேன். உம்மாவ மறைக்கிறீக."

இலை மறைத்தது போய் இப்போது நான் மறைக்கிறேனாம். நாளைக்கு என்னை வெட்டவும் ஆள் அனுப்புவான்.

"தங்கச்சி, உன் நாற்காலிய இங்கிட்டு இழுத்துப் போடு" என்றேன். நான் நகரவில்லை. இரண்டரை மணிக்கு நிழல் நான் நிற்கிற இடத்தில்தான் விழும்.