மஞ்சள் இல்லாத விளக்கு

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் நிறம் ஒத்துப் பார்க்கிறவன் நான். என்னிடமே என் மனைவி எப்சி, தன் ஓவியத்தை வெறும் நீலத்திலும் பழுப்பிலும் வரைந்ததாகச் சொன்னாள். படத்தில், மழைநாளில் இருண்டு கிடக்கும் எங்கள் சமையலறை; மூலையில் மஞ்சளாக எரியும் விளக்கு.

“மஞ்சள எங்க ஒளிச்சி வெச்சிருக்க?”

“மஞ்சளே வாங்கலைங்க.”

விடுவேனா? வேலையில் செய்வதுபோல, பக்கத்து நிறங்கள் கண்ணை ஏமாற்றாதபடி வெள்ளை அட்டையில் துளை போட்டு, அதன் வழியே படத்து விளக்கை மட்டும் பார்த்தேன். தண்ணீர் கலந்த பழுப்புதான். அட்டையை எடுத்தேன். சுற்றிலும் நீல இருட்டு வந்ததும் விளக்கு மஞ்சளாகப் பற்றிக்கொண்டது.

“இன்னும் நம்பலியா?”

“நம்பிட்டேன்” என்று சொல்லிவிட்டு, அட்டையை வைத்து விளக்கை மறுபடி அணைத்தேன். இன்னொரு முறை ஏற்றிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.