நாட்டை மிதிக்காத ராஜா

சொர்ணலதா துறைத்தலைவி ஆகி நாலு மாதம். சரியாகச் சொன்னால் 'இன்சார்ஜ்' துறைத்தலைவி. அந்த மைசூர் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் அவளையும் ஹேமந்தையும் விட்டால் ஆளில்லை. இரண்டு பேருமே கெஸ்ட் லெக்சரர்கள். அதனால் என்ன? கொத்தனார் அய்யாவு தன் மகள் ஹெச்.ஓ.டி. ஆகிவிட்டதை, தான் வேலை பார்த்த எல்லாக் கட்டிடத்திலும் சொல்லி முடித்திருந்தார். மகள் மட்டும் சும்மா இருந்தாளா? அக்ரஹாரம் கடைத்தெருவில் ஸ்கூட்டரை நிறுத்தி, அதிகாரிகள் கையெழுத்துப் போடும் பச்சை மைப் பேனா வாங்கினாள். அன்றிலிருந்து பிரின்சிபால் தொட்டையன் நீட்டும் காகிதத்தில் எல்லாம் பச்சைக் கையெழுத்து. படித்துப் பார்ப்பதா? அதற்குத்தான் எம்.ஏ. முடித்தாயிற்றே!

அன்றைக்குப் பாடம், 1941-இல் உருவாக்கப்பட்ட குரோவேஷியா.

"பேரு சுதந்திர நாடு. குடுமி ஹிட்லர், முசோலினி கையில. கன்னடத்துல கைகொம்பெ சர்க்கார்ங்கறோமே, பொம்மை அரசு, அதான். ராஜான்னு ஒரு இத்தாலி இளவரசனை அறிவிச்சாங்க. அந்த ஆள் கடைசிவரைக்கும் அந்த நாட்டை மிதிக்கவே இல்ல. அங்க செர்பியர், யூதர், ரோமா ஜனங்கள லட்சக்கணக்குல கொன்னாங்க."

தினமும் குண்டலுபேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் மாதம்மா எழுந்தாள். "அவர் போகவே இல்லையே மேடம். அவர் மேல என்ன தப்பு?"

சொர்ணலதாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "எதுக்குன்னு கேட்காம பேரைக் கொடுத்தான் பாரு, அதான் தப்பு! கண்ணு இல்லையா அவனுக்கு?" மேசையை வேறு தட்டினாள்.

"அப்போ நோட்டீஸ் போர்டுல பச்சையா இருக்கற சஹி உங்க கையெழுத்து இல்லையா மேடம்?"



விஷயம் இதுதான். வருகை குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. துறைக்கு ஒருவருக்கு மட்டும் தலைவர் விலக்கு கொடுக்கலாம். பஸ் பிந்திப் பிந்தி முதல் வகுப்பைத் தவறவிட்டதில் மாதம்மாவுக்கு நாலு சதவீதம் குறைகிறது. ஆனால் விலக்கு போயிருப்பது சந்துருவுக்கு. நிர்வாகக் குழு உறுப்பினரின் மகன்.

"அவன் யாருன்னே தெரியாதே எனக்கு," என்றாள் சொர்ணலதா.

"எங்களுக்கும்தான் மேடம்," என்றது பின்பெஞ்சு. "நம்ம கிளாஸை மிதிக்காத ராஜா."

சிரிப்பு வெடித்தது. வெளியே நடந்தவளின் காது சூடாகியிருந்தது. முசோலினிக்கு அடுத்தபடி அவள் அப்போது வெறுத்தது அந்தப் பச்சைப் பேனாவைத்தான். ஆனாலும் அதை எடுத்துத்தான் போர்டிலேயே சந்துருவின் பெயரை அடித்தாள். மேலே மாதம்மாவின் பெயரை எழுதி, தேதி போட்டு, பக்கத்தில் மறுபடி ஒரு கையெழுத்து. வாழ்க்கையில் முதன்முதலாகப் படித்துப் பார்த்துப் போட்டது. காகிதத்தைக் கிழித்தெடுத்து நேரே ஆபீஸில் கொடுத்து, வரவுப் பதிவேட்டில் ஏற்றி இன்வர்ட் எண் வாங்கினாள். எண் விழுந்த காகிதம் அவ்வளவு சுலபத்தில் தொலையாது. இதைக்கூட நாலு மாதம் கழித்துத்தான் கற்றுக்கொண்டாள், பெரிய துறைத்தலைவி!

தொட்டையன் கோபப்படவில்லை. அதுதான் எரிச்சல். "ஏன் சொர்ணலதா அவரே, சும்மா ஒரு சஹிக்கு இத்தனை கலாட்டாவா? நாளையிலேர்ந்து ஹேமந்த் இன்சார்ஜ்."

"சரி சார்."

"அப்பாவுக்கு வருத்தமா இருக்குமே?"

இருக்கும்தான். எல்லாக் கட்டிடத்துக்கும் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டுமே. அந்த இத்தாலிக்காரனாவது இரண்டு வருடம் கழித்து முடி துறந்தான். இவள் நாலே மாதத்தில்.

ஸ்டாஃப் ரூமில் ஹேமந்த் இளித்தான். "அக்கா, அந்தப் பச்சைப் பேனா…?"

"இந்தா." பேனாவோடு வருகைப் பதிவேட்டையும் நீட்டினாள். "சந்துரு பக்கத்தைத் திறந்து வச்சுக்கோ. சார் அவனுக்குப் புது விலக்குக் காகிதம் கொண்டு வருவாரு."

ஹேமந்த் வெற்றுக் கட்டங்களைப் பார்த்தான். பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

"எனக்கு நீல மையே போதும்க்கா."