கட்டுகளுக்குப் பின்னால் இருந்த கை

அன்று தம்பியின் பட அறையில் இருந்தவர்கள் இவர்கள்: குடும்பத்துக்கு மூத்தவரான பெரியவர், அவருடைய தங்கை, தங்கையின் கணவர், போன வருடம் காலமான அந்தக் கடைசித் தம்பியின் மனைவி, படங்களைப் பார்வையிடக் கலைக்கூடத்திலிருந்து வந்த அம்மாள். வேறு யாரும் இல்லை. தாங்களும் உடனிருந்ததாகச் சிலர் சொல்லித் திரிவதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

தம்பி வாழ்நாளெல்லாம் சேர்த்தவை பழைய பத்திரிகைப் படங்கள். அச்சான தாள்கள் அல்ல. ஓவியர்கள் கையால் வரைந்து அச்சுக்கூடத்துக்கு அனுப்பிய மூலப் படங்கள். கதைகளுக்கு வரைந்தவையும் கேலிச்சித்திரங்களுமாக, அகன்ற இழுப்பறைகளில், ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய தாள் வைத்து, பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தியிருந்தார். அவற்றைக் கலைக்கூடத்துக்குக் கொடுத்துவிட அவர் மனைவி முடிவு செய்திருந்தாள்.

பெரியவர் வந்தது படம் பார்க்க அல்ல, ஒரு படத்தைத் தடுக்க. அவர்களுடைய அப்பா நீதிபதியாக இருந்தவர். தீர்ப்புகள் தாமதமாகின்றன என்று ஒரு நாளிதழ் அவரை ஆமையாக வரைந்தது. ஆமையின் உடலில் அப்பாவின் முகம், முன்னால் மேசை, மேசைமேல் கழுத்தளவு வழக்குக் கட்டுகள். மறுநாள் முதல் பள்ளியில் பெரியவருக்கு ‘ஆமைக்குஞ்சு’ என்று பெயர். அந்தப் படத்தின் மூலத்தைத் தம்பி எங்கேயோ தேடிப் பிடித்து வாங்கி வந்தபோது, பெரியவர் ஒரு மழைக்காலம் முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கலைக்கூடத்து அம்மாள் கதைப்படங்களிலிருந்து தொடங்கினாள்.

"இந்தக் கூந்தலைப் பாருங்க. தூரிகையை ஒரே ஒரு தடவைதான் இழுத்திருக்கார். நடுவுல மை குறைஞ்சு முடி முடியா பிரியுது. அச்சுல இது வெறும் கறுப்புப் பட்டையா வந்திருக்கும்."

"என் தலையிலயும் அப்படித்தான் முடி முடியா பிரிஞ்சிருக்கு," என்றார் தங்கை கணவர்.

"உங்களுக்கு மை தீர்ந்தே ரொம்ப நாளாச்சு. சும்மா இருங்க," என்றாள் தங்கை.

பெரியவர் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கூந்தலைக் குனிந்து பார்த்தார். நல்ல வேலையை நல்ல வேலை என்று ஒப்புக்கொள்வதில் அவருக்கு வெட்கம் கிடையாது.

கடைசி இழுப்பறையைத் திறந்ததும் தம்பி மனைவி தயங்கினாள்.

"அத்தான், எடுக்கட்டுமா?"

"எடும்மா. பார்க்கட்டும். ஆனா இது இந்த வீட்டை விட்டுப் போகாது."

அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். "அவர் இதை மட்டும் இப்படிச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்ப்பார். என்ன பார்க்கிறார்னு சொன்னதில்ல."

அம்மாள் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தாள். "இங்க வெளிர்நீலப் பென்சில் தெரியுதா? அச்சுக்கூடத்துக் கேமராவுல இந்த நீலம் விழாது. அதனால அழிக்காம விட்டுடுவாங்க. முதல்ல இந்த இடத்துல ரெண்டு கையை வரைஞ்சு மையும் போட்டிருக்கார். அப்புறம் வெள்ளைச் சாயம் பூசி மறைச்சு, மேல கட்டுகளை அடுக்கிட்டார். கை சரியா வரல போலிருக்கு. பாருங்களேன், எழுதுற கையோட மணிக்கட்டை இன்னொரு கை இறுக்கிப் பிடிச்சிருக்கு. யாராவது இப்படி எழுதுவாங்களா?"

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். வரையத் தெரியாதவனுக்குக் கட்டு துணை," என்றாள் தங்கை. எல்லாரும் சிரித்தார்கள். "சரி, படத்துக்குக் கீழ இதையும் ஒரு வரி எழுதிடலாம்," என்றாள் அம்மாள்.

பெரியவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். வெள்ளைக்கு அடியில் அப்பாவின் கை இருந்தது.

அப்பாவுக்கு வலது கை நடுங்கும். வீட்டில் அதை அறிந்தவர்கள் அம்மாவும் மூத்த பிள்ளையும்தான். காலையில் அறைக் கதவைச் சாத்திவிட்டு அப்பாவின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டவர் பெரியவர்தான். ஒருவன் தலைவிதியை அடுத்தவன் கையால் எழுதமாட்டேன் என்று, இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தீர்ப்பையும் அப்பாவே எழுதினார். தாமதம் அதனால் வந்தது. வெளியே தெரிந்திருந்தால் அன்றே பதவி போயிருக்கும்.

அந்த ஓவியன் நீதிமன்றத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறான். வரைந்தும் இருக்கிறான். பிறகு தானே மூடியிருக்கிறான். ஆமை என்று சிரித்தவன், நடுங்கும் கையைத் தொடவில்லை.

இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். படத்தைத் தடுக்கக்கூட வேண்டாம். கை வரையத் தெரியாதவன் என்ற பெயர் அவனுக்குப் போகும், அப்பாவின் விஷயம் அப்பாவோடு போகும். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். ஆனால் தன் வீட்டு மானத்தைக் காத்தவன்மேல் பழி விழும்போது பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு எந்த மானம் மிச்சம்?

"அம்மா, அப்படி எழுதிடாதீங்க," என்றார் பெரியவர். "அந்தக் கை சரியாத்தான் வந்திருக்கு. எங்கப்பா அப்படித்தான் எழுதுவார்."

"என்னண்ணா சொல்றே?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். குரல் உடையவில்லை.

"எங்கிட்டகூடச் சொல்லலையே அண்ணா."

"உங்கிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

வேறொரு நாளாக இருந்தால் தங்கை ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்தின் பக்கம் திரும்பிவிட்டாள். "அவருக்கு இது தெரியாது அத்தான். தெரியாமலேயே பார்த்துக்கிட்டிருந்திருக்கார்," என்றாள் தம்பி மனைவி மெதுவாக.

அம்மாள் கண்ணாடியை உறையில் போட்டாள். "நீங்க சொன்னதை எழுதலாமா?"

"எழுதுங்க. படத்தையும் எடுத்துட்டுப் போங்க. விளக்கைப் பக்கவாட்டுல வைங்க. நேர் வெளிச்சத்துல கை தெரியாது."

படம் இப்போது கலைக்கூடத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த சிலர், நீதிபதியின் கை குடியால் நடுங்கியது என்று பேசுகிறார்களாம். தவறு. அது நரம்பு நோய். அவர் குடித்ததில்லை.