முட்டைக்கோழித் தீவனம்

நாலாவது குஞ்சும் செத்த காலையில் சின்னு அதைப் பழைய தலையணை உறையில் வைத்துச் சுற்றினாள். விறைத்துப்போன கால்கள் உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மடக்கிப் பார்த்தாள், மடங்கவில்லை.

பின்வாசலில் அண்ணியின் அம்மா தேநீரை ஆற்றியபடி நின்றிருந்தார். மகளின் பேறுகாலத்துக்குத் துணையாக வந்து தங்கியிருப்பவர். சின்னுவுக்கு அத்தை முறை.

“சிலர் கை பட்டா பட்டுப்போன மரம்கூடத் துளிர்க்கும்,” என்றார் அத்தை. “சிலர் கை பட்டா...”

மிச்சத்தைத் தேநீரோடு விழுங்கிக்கொண்டார். விழுங்கியது என்னவென்று சின்னுவுக்குத் தெரியும். அவள் பெற்ற குழந்தை பிறந்த வாரமே அவள் மடியில் தூங்கியபடி போய்விட்டது. கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வா என்று அனுப்பிவைத்த கணவன், அதன்பிறகு எட்டிப் பார்க்கவில்லை. அதோடு இப்போது நாலு குஞ்சுகள். அத்தையின் கணக்கில் எல்லாம் ஒரே வரிசைதான்.

போன வாரம் சமையலறையில் அத்தை மகளிடம் சொன்னதைச் சின்னு கேட்டிருந்தாள். பிறக்கப்போகிற பிள்ளையைக் கண்ட கையிலும் கொடுக்கக்கூடாது, தொட்டில் நம் அறையில்தான் இருக்க வேண்டும் என்றார். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை.

சின்னுவுக்கு இந்த வீட்டில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் குழந்தையை ஒருமுறை தன் கையில் வாங்க வேண்டும், அது அழுதால் தோளில் போட்டுத் தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

குஞ்சுகளை வாங்கி வந்தது அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தங்கைக்குப் பொழுதுபோக ஒரு வேலை இருக்கட்டும் என்று நினைத்தான். ஆறு குஞ்சுகள். பழைய லிஃப்ட் கதவின் உருளைகளை வைத்துக் கூண்டுக்கு ஒரு தள்ளு கதவு செய்தான். அது சத்தமே இல்லாமல் திறந்து மூடும். எத்தனையாவது மாடிக்குப் போகணும் என்று குஞ்சுகளைக் கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் திறப்பான். வெகுநாளைக்குப் பிறகு சின்னு சிரித்தது அதற்குத்தான்.

அவளும் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டாள். தரையில் வைத்த தட்டில் குஞ்சுகள் ஏறி மிதித்துத் தீவனத்தை அசுத்தம் செய்ததால், தொங்கும் தட்டாக மாற்றச் சொன்னாள். தட்டின் விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்துக்கு இருக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த சிறு அளவுகோலால் அடிக்கடி அளந்து சங்கிலியை ஒரு கண்ணி ஒரு கண்ணியாக உயர்த்தினாள். குண்டு பல்பின் சூடு அதிகமானால் குஞ்சுகள் விலகிப் படுக்கும், குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் என்பதைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். தண்ணீர்த் தட்டில் விழுந்து மூழ்கிவிடக்கூடாது என்று, கடையில் தூக்கிப்போட்ட லென்ஸுகளை ஓரம் மழுங்கத் தேய்த்து அடியில் பரப்பினாள். குஞ்சுகள் லென்ஸில் மின்னிய வெளிச்சத்தைக் கொத்திக் கொத்தியே தண்ணீர் குடிக்கப் பழகின.

தீவனம் மட்டும் அண்ணியின் பொறுப்பு. கடைக்காரன் முதலில் காட்டிய குஞ்சுத் தீவனத்தில் மருந்து கலந்திருப்பதாக மூட்டையிலேயே அச்சடித்திருந்தது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு மருந்து தின்ற கோழியின் முட்டையையா சாப்பிடுவது என்று அண்ணி அதை ஒதுக்கிவிட்டாள். பக்கத்து மூட்டையில் மருந்து இல்லை, கால்சியம் அதிகம் என்று போட்டிருந்தது. தினம் சாப்பாட்டுக்குப் பிறகு கால்சியம் மாத்திரை விழுங்குகிறவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? எலும்பு பலப்படும் என்று சொல்லி அதை வாங்கி வந்தாள். மூட்டையின்மேல் ஒரு சிவப்புக் கோழி முட்டையின் பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. குஞ்சு எதுவும் அந்தப் படத்தில் இல்லை. எல்லாரும் தினம் பார்த்த படம்தான்.

கொஞ்ச நாளில், இருப்பதிலேயே கொழுத்ததுதான் முதலில் சுணங்கியது. தண்ணீர்த் தட்டைவிட்டு நகராமல் குடித்துக்கொண்டே இருந்தது. எச்சம் சுண்ணாம்புக் கரைசல்போலப் போனது. காலையில் கிடந்தது. அடுத்தது, அதற்கடுத்துக் கொழுத்தது. மற்றவை விரட்டிவிட்டதால் தட்டுப் பக்கமே வர முடியாமல், மூலையில் எறும்பையும் புல்லையும் பொறுக்கித் தின்ற நோஞ்சான் ஒன்று இருந்தது. ஓரம் என்று அதற்கு அண்ணன் பெயர் வைத்திருந்தான். அது மட்டும் துள்ளிக்கொண்டு திரிந்தது.

“கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா அத்தை? இவ பார்த்துப் பார்த்து வளர்க்குறா,” என்று ஒருநாள் அண்ணன் தங்கைக்காகப் பேசினான்.

“மிதிக்கிறதுக்கு இங்க தாய்க்கோழி எங்கப்பா இருக்கு?” என்றார் அத்தை.

அண்ணன் கூண்டின் கதவைத் தள்ளி மூடிவிட்டு உள்ளே போனான்.

நாலாவது குஞ்சைப் புதைக்காமல் சின்னு கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப்போனாள். கேட்டால் காட்டலாம் என்று மூட்டையிலிருந்து ஒரு பிடித் தீவனத்தையும் காகிதத்தில் மடித்துக்கொண்டாள். டாக்டரம்மாவுக்குக் கடும் ஜலதோஷம். மூக்கை உறிஞ்சியபடியே குஞ்சின் நெஞ்சைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தார். இதயத்தின்மேலும் ஈரலின்மேலும் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தது. கரும்பலகை துடைத்த துணியை அதன்மேல் உதறியதுபோல் இருந்தது. சிறுநீரகங்கள் வீங்கி வெளிறியிருந்தன.

“முட்டைக்கோழித் தீவனம் போட்டீங்களா?”

சின்னு காகிதத்தை நீட்டினாள். டாக்டர் விரலால் கிளறிப் பார்த்தார்.

“இது குஞ்சுத் தீவனம்தாம்மா. சரியாத்தான் இருக்கு. இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?”

ஆரம்பத்திலிருந்து ஒரே மூட்டைதான் என்று சின்னு சொன்னாள். டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் கொஞ்சம் கொட்டினார். கரடுமுரடான தீவனம். நடுவே வெள்ளை வெள்ளையாகக் கிளிஞ்சல் துண்டுகள். முட்டை ஓடு கட்டியாக இருக்க, முட்டையிடுகிற கோழிக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அது. முட்டையிடாத குஞ்சுக்கு அதைக் கொடுத்தால் சிறுநீரகத்தால் தாங்க முடியாது, நன்றாகச் சாப்பிடுகிற குஞ்சுதான் முதலில் போகும் என்று விளக்கினார்.

அந்தத் துண்டுகளைச் சின்னுவுக்குத் தெரியும். முதல் வாரங்களில் குஞ்சுகள் மிச்சம் வைத்த அவற்றைத் தட்டிலிருந்து அவளே பொறுக்கி எறிந்திருக்கிறாள். அப்புறம் பொறுக்க எதுவும் இருக்கவில்லை. தீவனமும் மாவாகத்தான் இருந்தது. மூட்டையின் அடிப்பகுதி அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துவிட்டாள். ஆனால் மூட்டையில் இன்னும் பாதிக்குமேல் தீவனம் இருந்தது.

“மாத்தினவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு,” என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றியபடி. “ஆனா ஒருதடவை சிறுநீரகம் போயிட்டா, அப்புறம் தீவனத்த மாத்தி என்ன செய்ய?”

தீவனம் வாங்குவது வீட்டில் ஒருத்திதான்.

சின்னு திரும்பி வந்தபோது குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அத்தை குளித்துக்கொண்டிருந்தார். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னு மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிவந்து அவள்முன் உள்ளங்கையை விரித்தாள்.

“இது எப்ப மாறுச்சு அண்ணி?”

எது என்று அண்ணி கேட்கவில்லை. மடித்த துணியையே மறுபடி விரித்து மடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். இரண்டாவது குஞ்சு செத்ததும் ஏதாவது மருந்து கேட்கலாம் என்று கடைக்குப் போயிருக்கிறாள். என்ன தீவனம் என்று கேட்ட கடைக்காரன் நாலு பேர் முன்னால் சிரித்திருக்கிறான். குஞ்சுத் தீவனம் வாங்கிவந்து, சின்னு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பழைய மூட்டையைக் காலி செய்து அதிலேயே இதைக் கொட்டிவிட்டாள். மிச்சம் நாலும் பிழைத்துக்கொள்ளும், யாருக்கும் தெரியவே வேண்டாம் என்று நினைத்தாளாம். மூன்றாவதும் போனபோது அம்மா கைராசியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

“குஞ்சுக்கே இரை போடத் தெரியாதவ பிள்ளைய எப்படி வளர்ப்பான்னு அம்மா கேப்பாங்க சின்னு. ராத்திரி படுத்தா எனக்கே அதான் தோணுது. அதான்... சொல்ல வாய் வரல.”

“உங்கம்மா தெரியாம பேசினாங்க அண்ணி. நீங்க தெரிஞ்சுக்கிட்டு பேசாம இருந்தீங்க.”

அண்ணி குளியலறைக் கதவைப் பார்த்தாள். தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

“பிள்ளை பிறந்ததும் முதல்ல உன் கையிலதான் குடுப்பேன். யார் தடுத்தாலும் குடுப்பேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத.”

இத்தனை நாள் சின்னு ஏங்கியது இதற்குத்தான். அவள் பதில் சொல்வதற்குள் அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வயிற்றருகே இழுத்தாள். “பாரு, உதைக்குது.”

வயிற்றைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்போது சின்னுவின் கை பின்னால் வந்துவிட்டது. அவள் இழுக்கவில்லை. கோபம்தான் என்று நினைத்தாள். இன்னொரு முறை கையை நீட்டிப் பார்த்தாள். விரல்கள் மடங்கி, உள்ளங்கைக்குள் தீவனத்தை இறுக்கிக்கொண்டன.

“கை கழுவிட்டு வரேன்,” என்றாள்.

பின்வாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கழுவினாள். தீவன வாசனை போன பிறகும் கழுவினாள். குளியலறைக் கதவு திறந்தது. அத்தை ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“என்ன சொன்னாங்க டாக்டரு?”

அறைக்குள் துணி மடிக்கும் சரசரப்பு நின்றது. சின்னு குழாயை மூடினாள்.

“தீவனம் மாறிப்போச்சாம் அத்தை. குஞ்சுக்குக் குடுக்கக்கூடாததக் கடையில குடுத்துட்டாங்க. அதுலதான் செத்திருக்கு. வேற ஒண்ணுமில்ல.”

அண்ணியையும் விட்டுக்கொடுக்காமல் தன்னையும் காப்பாற்றிக்கொள்ள அவளுக்குத் தோன்றிய ஒரே வழி அது. சொல்லிவிட்டு அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அத்தை துண்டை அவிழ்த்து முடியைத் தட்டினார்.

“கடைக்காரன் ஊருக்கே குடுக்குறான். எல்லார் வீட்டுலயுமா சாகுது?” என்றார். “யார் குடுத்தா என்ன, போட்டது யாரு கை?”

சின்னு அறைப் பக்கம் பார்த்தாள். கதவு பாதி திறந்திருந்தது. அண்ணியின் கால்கள் மட்டும் தெரிந்தன. அவை எழுந்து வரவில்லை. கொஞ்ச நேரத்தில் துணி மடிக்கும் சத்தம் மறுபடி கேட்டது.

வெயில் கூண்டின்மேல் ஏறியிருந்தது. மிச்சமிருந்த இரண்டில் ஒன்று தண்ணீர்த் தட்டோரம் இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. குடித்தது, நிமிர்ந்தது, மறுபடி குடித்தது. அதைப் பார்த்ததும் சின்னுவுக்குத் தெரிந்துவிட்டது.

தள்ளு கதவைத் திறந்தாள். ஓரம் ஓடிவந்து அவள் பாதத்தின்மேல் ஏறியது. தினமும் இந்த நேரத்தில் அதைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொள்வாள், அதற்குத்தான் வருகிறது. கட்டைவிரல் நகத்தைக் கொத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது. சின்னு கரண்டியால் தீவனத்தை எடுத்துத் தட்டில் போட்டாள். கரண்டியை வைத்துவிட்டு, ஈரம் காயாத கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

குஞ்சு காலைவிட்டு இறங்காமல் காத்துக்கொண்டிருந்தது.