மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கார்

மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் வேண்டாம், தன்னுடைய அறுபத்திரண்டாம் வருஷத்துக் கார்தான் வரும் என்று பொன்னுரங்கம் மூன்று மாதமாகச் சம்பந்தியிடம் பெருமையடித்து வந்தார். இப்போது செம்பாக்கம் கோயில் வாசலில் மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. நாதஸ்வரக்காரர் இரண்டாவது பாட்டையும் முடித்துவிட்டார். கார் முனகக்கூட இல்லை.

"விண்டேஜ் இன்ஜின், சம்பந்தி. மூட் பார்க்கும். கார்பரேட்டர்ல ஏதோ அடைப்பு" என்றார் பொன்னுரங்கம்.

"மூட் வர்றதுக்குள்ள முகூர்த்தமே வந்துடும் போல. ஆட்டோ சொல்லட்டுமா?"

அதற்குள் தாம்பரத்திலிருந்து மெக்கானிக் ஜாபர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார். பொன்னுரங்கமும் விட்டார். பாட்டரி முனைகளில் வயரைக் கழற்றி, சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்து, மறுபடி மாட்டியிருந்தது. காலையில் காரை இங்கே கொண்டுவந்து நிறுத்திப் பூஜை போட்டவர் பொன்னுரங்கமேதான்.

"இன்னா சார் இது? சந்தனத்துல கரண்டு எப்டி போவும்? மேலால வெச்சா சாமி ஒத்துக்காதா?"

"மெதுவா பேசுங்க, பாய்."

ஜாபர் உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். கார் உறுமிக் கிளம்பியது.

"என்னப்பா கோளாறு?" என்றார் சம்பந்தி. பொன்னுரங்கம் அவசரமாகப் பானெட்டை மூடினார்.

"சார் சொன்னாரே, அதான். கார்பரேட்டர்" என்றார் ஜாபர்.

கல்யாண மண்டபம் வரும்வரை பொன்னுரங்கம் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"மாமா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று மாப்பிள்ளைதான் கவலைப்பட்டார்.