எடைமேடை முகவரி

குப்புராஜ் அண்ணன் என் ஜன்னலில் லோடு சீட்டை வைத்தார். குனிந்து என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. சீட்டை எடுத்துக்கொண்டார்.

"உன்துல தொறக்காது பாப்பா. நான் மேடத்தாண்டயே போட்டுக்கிறேன்."

மேடம் என்பது பக்கத்து ஜன்னலில் இருக்கும் ஜபீன். குப்புராஜ் அண்ணனுக்குப் பின்னால் நின்ற மற்ற லாரி டிரைவர்களும் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். ரேஷன் கடையில் இந்தக் கவுண்டரில் பாமாயில் இல்லை என்றால் நகர்வார்களே, அப்படி. ஆடிக் காற்றில் சிப்காட் ரோட்டுப் புழுதியெல்லாம் என் காலி ஜன்னல் வழியாக உள்ளே வந்து கீபோர்டில் உட்கார்ந்தது.

எங்களுடையது கட்டுமானக் கம்பி உருட்டும் ஆலை. நானும் ஜபீனும் கேட்டை ஒட்டிய டிஸ்பாட்ச் அறையில் இருந்தோம். ஒரே கான்ட்ராக்டர், ஒரே சம்பளம், ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள். வெளியே எடைமேடை. கம்பி ஏற்றிய லாரி அதன்மேல் ஏறி நின்றால் எடை எங்கள் கம்ப்யூட்டருக்கு வரும். அந்த எடை வந்து சேரும் பக்கத்துக்குப் பெயர் கிடையாது. நான்கு எண்கள், நடுவில் புள்ளிகள், கடைசியில் ஒரு முக்காற்புள்ளி, அதற்குப் பின்னால் இன்னொரு எண். அதுதான் முகவரி. ஆலைச் சுவருக்கு வெளியே அந்த முகவரிக்கு அர்த்தமே இல்லை. போன மாதம் சென்னையில் எங்களிடம் கம்பி வாங்குகிற கம்பெனி புதிதாக ஒரு வெப்சைட் திறந்தது. அதில் லாரி நம்பரைப் போட்டு 'எடை எடு' என்பதை அழுத்தினால், அவர்களுடைய பக்கம் எங்கள் கம்ப்யூட்டர் வழியாகவே எடைமேடையின் முகவரிக்கு வந்து எடையை வாங்கிக்கொள்ளும். ஸ்லிப் அச்சாகும். ஸ்லிப் இருந்தால்தான் கேட் திறக்கும்.

ஜபீன் அழுத்தினால் எடை வந்தது. நான் அழுத்தினால் வெள்ளைப் பக்கம் வந்தது.

இதில் என் பிழைப்பு மாட்டிக்கொண்டிருந்தது. எங்கள் இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரம் ஆக்குவதாக மேனேஜர் பூவராகவன் சார் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ஆர்டர். "ஹெட் ஆபிஸ் ஒண்ணே ஒண்ணுதாம்மா பாக்கும். யார் பேர்ல எத்தினி ஸ்லிப்பு. மத்ததெல்லாம் அவுங்களுக்குத் தெரியாது." என் அப்பா ஜோசப் இதே ஆலையில் லோடு ஏற்றுகிறவர். ஆரணிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கியவர், இங்கே வந்து லாரி மேல் ஏறினார். முழங்கால் வீங்கி, இப்போது பக்கவாட்டில்தான் இறங்க முடிகிறது. எனக்கு ஆர்டர் வந்தால் அவர் இறங்கிவிடலாம். அவ்வளவுதான் என் கணக்கு.

ஜபீனைப் பார்த்தால் எனக்கு எரியும். பழவேற்காட்டில் அவளுடைய வாப்பாவுக்குத் துணிக்கடை இருக்கிறது. காலையில் அண்ணன் பைசல் பைக்கில் கொண்டுவந்து பொன்னேரி ஸ்டேஷனில் இறக்குவான். சென்னையில் ஹாஸ்டலில் இருந்து படித்தவள். வாங்குகிற கம்பெனியில் இருந்து போன் வந்தால் அவள் பேசுகிற இங்கிலீஷைக் கேட்டு பூவராகவன் சார் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். நானும் அதே டிகிரிதான். ஆனால் எங்கள் வீட்டுக்குள் காலேஜ் என்ற வார்த்தையை முதலில் கொண்டுவந்ததே நான்தான். டிரைவர்களுக்கு அவள் மேடம். நான் பாப்பா, இல்லையென்றால் ஜோசப்பு பொண்ணு. பாசமாகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அப்பா சொல்வார். பாசம் எனக்கு எதற்கு?

என் கம்ப்யூட்டரில் மட்டும் திறக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நான் போட்ட பூட்டு. சித்திரையில் பூவராகவன் சார் என் சீட்டில் உட்கார்ந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போய், எந்த சைட்டில் இருந்தோ வைரஸ் வந்து டிஸ்பாட்ச் ஃபைல்களை எல்லாம் தின்றுவிட்டது. திட்டு எனக்கு. அன்றைக்கே நரிப் படம் போட்ட பிரவுசரை இறக்கி, அதன்மேல் ஒரு பாதுகாப்பு எக்ஸ்டென்ஷனையும் போட்டேன். தெரியாத சைட் எது வந்தாலும் அது தடுத்து நிறுத்தும், நான் அனுமதித்தால்தான் ஓடும். அதற்குப் பிறகு என் சிஸ்டத்தில் ஒரு தூசி ஏறவில்லை. ஜபீன் பழைய நீல 'இ' பிரவுசரிலேயே இருந்தாள்.

அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்தேன். வாங்குகிற கம்பெனியின் சைட்டை அனுமதித்தேன். வெள்ளை. எடைமேடையின் முகவரியை அனுமதித்தேன். வெள்ளை. எல்லாவற்றையும் அனுமதி என்று ஒரு பட்டன் உண்டு, மனசில்லாமல் அதையும் அழுத்தினேன். வெள்ளை. எக்ஸ்டென்ஷனையே எடுத்துவிட்டுப் பார்த்தேன், எடை வந்தது. திரும்பப் போட்டேன், போய்விட்டது. எல்லாவற்றையும் அனுமதித்த பிறகும் எதைத் தடுக்கிறது இது?

ஜபீன் டிபன் டப்பாவோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"அத்த தூக்கிடேன்பா. ஏன் பேஜாரு."

"பூட்டு மக்கர் பண்ணுதுன்னு யாரும் கதவக் கழட்டி வெக்க மாட்டாங்க."

"நான் பூட்டே போடல. என் ஊட்டுக்கு எந்தத் திருடனும் வரலியே."

"வருவான்."

சிரித்தாள். இறால் தொக்கை மூடியில் எடுத்து என் மேஜையில் வைத்தாள். "உம்மா உனக்குன்னு தனியா வெச்சாங்க. துன்னு." தின்றேன். நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. தின்றுகொண்டிருக்கும்போதே சொன்னாள்: "இந்த ஆர்டர் வந்துச்சுன்னா வாப்பா ஒரு வருஷம் மாப்பிள்ள பேச்சு எடுக்க மாட்டாரு. சொல்லிட்டாரு." நான் தலையை நிமிர்த்தவில்லை. உனக்கு ஒரு வருஷம். எனக்கு ஒரு முழங்கால்.

கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. 'எடை எடு' மேல் வலது கிளிக் செய்து அதன் முகவரியை அப்படியே காப்பி எடுத்தேன். மேலே முகவரி இருக்கும் இடத்தில் ஒட்டி என்டர் தட்டினேன். எடை வந்தது. சிவப்பு எண்களில், கொட்டை கொட்டையாக. பின்னால் போய் அதே இடத்தை அழுத்தினேன். வெள்ளை. மறுபடி ஒட்டினேன். வந்தது.

முகவரியில் கோளாறு இல்லை. நானே போய்க் கூப்பிட்டால் திறக்கிறது. வெளியே இருக்கிற ஒரு சைட் உள்ளே கைகாட்டி அனுப்பினால் திறக்கவில்லை. வெளியாள் சொல்லி உள்வீட்டுக் கதவு திறக்கக் கூடாது என்று அதற்குத் தனியாக ஒரு சட்டம் இருக்கிறது போல. எனக்கு அதை அந்த நிமிஷம் ரொம்பப் பிடித்துப்போனது. நானும் அப்படித்தான்.

தடுத்தால் தடுத்தேன் என்று சொல்ல வேண்டாமா என்று கோபம் வந்தது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அது சொல்லும். ஸ்கிரீனில் மஞ்சள் பட்டையாக எழுதிக் காட்டும். பூவராகவன் சார் மஞ்சளைப் பார்க்கும்போதெல்லாம் வைரஸ் வைரஸ் என்று டிரைவர்கள் முன்னால் கத்துவார். தாங்காமல் அந்தப் பட்டையே வராதபடி நான்தான் அணைத்து வைத்திருந்தேன். அணைத்ததை ஏற்றினேன். வந்தது மஞ்சள். வெளி சைட்டில் இருந்து உள் முகவரிக்கு வந்த அழைப்பைத் தடுத்துவிட்டேன் என்று அச்சடித்த மாதிரி சொன்னது. செட்டிங்கில் அதற்கென்று தனிப் பகுதி இருந்தது. அங்கே பட்டன் கிடையாது, கையால்தான் எழுத வேண்டும். இந்த ஒரு சைட்டில் இருந்து இந்த ஒரு முகவரிக்கு வந்தால் விடு, மற்ற யார் வந்தாலும் விடாதே. ஒரே ஒரு விதி. எழுதிச் சேமித்தேன். அழுத்தினேன்.

சிவப்பு.

திரும்பினேன். ஜபீன் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், கையில் காலி டப்பாவோடு. "கெட்டிக்காரிபா நீ" என்றாள்.

பூவராகவன் சாரிடம் போய், சரி பண்ணிவிட்டேன் என்றேன். காதுக்குள் பேனா மூடியை விட்டுக் குடைந்துகொண்டே கேட்டார். "இத்தினி நாளு இன்னாம்மா பண்ணிக்கினு இருந்த? ஜபீன் சிஸ்டத்துல ஒரு பிரச்சனையும் இல்லியே."

மறுநாள் ஜபீன் சிஸ்டத்துக்குத் திருடன் வந்தான். காலையிலிருந்தே லாட்டரி விழுந்திருக்கிறது என்று ஒரு ஜன்னல், அதை மூடினால் பொம்பளைப் படத்தோடு இன்னொரு ஜன்னல். டிரைவர்கள் நெளிந்துகொண்டு சிரித்தார்கள். ஜபீன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மூடி மூடி, ஸ்லிப் போட்டுக்கொண்டே இருந்தாள். பூவராகவன் சார் எட்டிப் பார்த்து முகம் சிவந்து, "ஹெலனு, உன்துல போட்டாப்புல அதுலயும் அத்தப் போட்டுடுமா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஜபீன் உடனே எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "நல்லவேளை நீ இருக்க" என்று சொல்லி முகம் கழுவப் போனாள்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் எடைமேடை இன்னும் பக்கத்தில் தெரிகிறது. அதுவரை எனக்குத் தெரியாது. அழுக்கை எடுத்துப்போட்டேன். நரிப் பிரவுசரை இறக்கினேன். எக்ஸ்டென்ஷனைப் போட்டேன். வாங்குகிற கம்பெனி சைட்டை அனுமதித்தேன். கடைசியில் அந்தத் தனிப் பகுதியைத் திறந்தேன். கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. விதி எனக்கு மனப்பாடம். எழுத அரை நிமிஷம் ஆகாது.

மூடினேன். மஞ்சள் பட்டையும் வராதபடி அணைத்தேன். பட்டை வந்தால் சார் கத்துவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"முடிஞ்சுதா?" என்றாள் ஜபீன், முகத்தில் தண்ணீர் சொட்ட.

"முடிஞ்சுது."

வரிசை என் ஜன்னலுக்கு வந்தது. வரட்டும் என்றுதானே செய்தேன். லாரி மேல் லாரியாக ஸ்லிப் அடித்தேன். "இன்னா ஜோசப்பு பொண்ணு, இன்னிக்கு உன் ஊட்ல கல்யாணமா" என்று ஒருவர் கேட்டதற்குச் சிரிக்கக்கூடச் செய்தேன். பக்கத்தில் கிளிக் சத்தம் கேட்டது. சற்று விட்டு இன்னொரு கிளிக். அப்புறம் நின்றுவிட்டது. அவள் என்னைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்: செட்டாவ கொஞ்ச நேரம் ஆவும்.

கூப்பிடவில்லை. எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், நேற்று நின்ற அதே இடத்தில். நான் ஒரு லாரிக்கு 'எடை எடு' அழுத்தினேன், சிவப்பு வந்தது, ஸ்லிப் வந்தது. பார்த்தாள். போய் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவள் பக்கத்தில் இருந்து வேறு மாதிரி சத்தம் வந்தது. ஒரு கிளிக், இன்னொன்று, பிறகு இரண்டு விரல் சேர்ந்து விழுகிற சத்தம், பிறகு என்டர். பிரிண்டர் ஓடியது. எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. காப்பி எடுத்து ஒட்டுகிறாள். நான் நேற்றுச் செய்ததை, இறால் மூடியை என் மேஜையில் வைத்துவிட்டு நின்று அவள் பார்த்ததை, ஒவ்வொரு லாரிக்கும் கையால் செய்கிறாள்.

டிரைவர் இல்லாத ஒரு இடைவெளியில், ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் ஏறவில்லை.

"நேத்து நீ ஒண்ணு எழுதுனியே. அது என்துல இல்ல. இல்ல?"

"எழுதித் தரேன், நவுரு."

"வேணாம். வந்துகினுதான் இருக்கு."

கத்தியிருக்கலாம். சாரைக் கூப்பிட்டிருக்கலாம். இங்கிலீஷிலாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு 'வேணாம்' எனக்கு என் வீட்டில் மட்டும்தான் பழக்கம். என் அம்மா சொல்வாள், பசியோடு இருக்கும்போது. அது ஜபீனிடம் எப்படி வந்தது? அதையும் அவளே வைத்துக்கொண்டாளா?

குப்புராஜ் அண்ணனின் லாரி அன்றைய இரண்டாவது நடைக்கு வந்து மேடையில் ஏறி நின்றது. அவர் இறங்கி என் ஜன்னலுக்கு வந்துகொண்டிருந்தார்.

"இங்கயும் வருதுண்ணே" என்றாள் ஜபீன்.

அவர் நடுவில் நின்றுவிட்டார். சீட்டு கையில் இருந்தது. "ரெண்டுலயும் வந்துச்சுன்னா நான் எதுல குடுக்கிறது? பேஜாரா கீதே" என்று சொல்லி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

நான் அழுத்தினேன். அவள் ஒட்டினாள். இரண்டு ஸ்கிரீனிலும் ஒரே நேரத்தில் சிவப்பு எண் வந்தது. நிற்கவில்லை, கடைசி இலக்கங்கள் ஏறி இறங்கி ஆடின. ஆடுகிற எடையில் ஸ்லிப் போட முடியாது. வெளியே பார்த்தோம். லாரியின் நிழலில், மேடையின் இரும்புத் தகட்டின்மேலேயே, அப்பா நின்றுகொண்டிருந்தார். லோடு முடித்து லாரி மேலேயே வந்து பக்கவாட்டில் இறங்கியவர், வலியில் ஒரு கையால் லாரியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மடக்கி, மற்றதை மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார்.

"யோவ் ஜோசப்பு, மேடைய உட்டு எறங்குய்யா. எட ஆடுது" என்றார் குப்புராஜ் அண்ணன்.

அப்பா எங்கள் ஜன்னல்களைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தார். எதைப் பார்த்துச் சிரித்தார் என்று தெரியவில்லை, வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றுபோலத்தான் தெரிந்திருப்போம். லாரியைப் பிடித்தபடியே தகட்டின் விளிம்புக்கு நகர்ந்தார். ஒரு காலைத் தரையில் வைத்தார். எண் கொஞ்சம் இறங்கியது. இன்னொரு காலை எடுக்க நேரம் எடுத்துக்கொண்டார். என் விரல் மவுஸின் மேல் இருந்தது. பக்கத்தில் அவள் விரலும் இருந்தது, எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. அவர் காலை எடுத்ததும் இரண்டு ஸ்கிரீனிலும் ஒன்றாக ஐம்பது கிலோ குறைந்து, சிவப்பு எண் அசையாமல் நின்றது.