ஐந்தேகால் மணிக்கு வரும் கடல்

புதுச்சேரியை ஒட்டிய பிள்ளைச்சாவடியில் மீன்காரி அன்னக்கிளி தன் வீட்டுச் சுவரில் வரைந்த படங்களைக் கடல் தினமும் மாலை ஐந்தேகால் மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போனது. அமாவாசையானாலும் அஷ்டமியானாலும் ஐந்தேகால்தான். ஒரே ஓர் அலை மட்டும் மற்ற அலைகளை விட்டுப் பிரிந்து மணலில் ஏறி வரும். சுவரோரம் இடுப்பளவுக்கு எழும்பி நிற்கும். கரிக்கோடுகளை ஒன்றுவிடாமல் வழித்துக்கொண்டு இறங்கிவிடும். சுவர் கழுவி வைத்த தட்டு மாதிரி ஆகிவிடும். இதைப் பார்க்க முதலில் ஊரே வந்தது, பிறகு நாலைந்து பேர் வந்தார்கள், பிறகு யாரும் வரவில்லை. தினமும் நடப்பதை எத்தனை நாள் வேடிக்கை பார்ப்பது? காலாப்பட்டு பஸ்கூடத்தான் தினமும் வருகிறது.

இது 2011-ல் அடித்த ‘தானே’ புயலுக்கு மறுவருஷம் ஆரம்பித்தது. அன்னக்கிளி வீட்டுக்கு முன்னால் மூன்று வரிசை வீடுகள் இருந்தன. கடல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, கடைசியில் அவள் புருஷன் ஆதிமூலம் பத்து வருஷம் கடலோடிக் கட்டிய வீட்டுக்கு எதிரே வந்து நின்றது. அன்றைக்கு அவள் பெரிய மார்க்கெட்டிலிருந்து கூடையோடு திரும்பியபோது வாசலில் தண்ணீர். சாமான்களை வெளியே எடுக்கவும் கையில் தெம்பில்லை. இஸ்திரிக் கடையில் வாங்கி வந்திருந்த கரியில் ஒரு துண்டை எடுத்து, கடல் பக்கத்துச் சுவரில், காலையில் மார்க்கெட்டில் பார்த்த ஒரு பூக்காரியை வரைந்தாள். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்ட பூக்காரி, மடியில் பாதி கட்டிய சரம். ஏன் வரைந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வாய்விட்டு அழ வேண்டியது கை வழியாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டை எடுக்க வந்த அலை பூக்காரியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாளும் வந்தது. படம் இருந்தால் படம், இல்லாவிட்டால் சுவர் என்று அன்னக்கிளி புரிந்துகொண்டாள்.

அப்படிப் பதினொரு வருஷம். விடியுமுன் மீன் ஏலம், பகல் முழுக்கச் சங்கராவும் கானாங்கெளுத்தியும் விற்பது, மூன்று மணி பஸ், வந்ததும் கரி. அன்றன்று கண்ணில் பட்டதையே வரைந்தாள். பை கிழிந்த கண்டக்டர், மூட்டை தூக்குபவனின் கழுத்து நரம்பு, ஐஸ் பெட்டியில் சாய்ந்த பூனை. கடலூரில் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. சிக்குன்குனியா வந்தபோது சுவரில் தோளை முட்டுக்கொடுத்துக்கொண்டு வரைந்தாள். கோயிலுக்கு ஏன் வருவதில்லை என்று பூசாரி கேட்டதற்கு, “எனக்கு எங்க நேரம்? அந்த அரை மணியிலதான் எல்லாம் முடிஞ்சிடுதே” என்றாள். வரையும் நேரத்தில் மட்டும் அவளுக்கு இடுப்பு வலிக்காது. முடிந்ததும் இரண்டு நாள் வலியும் சேர்ந்து வரும்.

பக்கத்து வீடுகளுக்கும் தண்ணீர் வந்ததும், எங்கள் சுவரிலும் போட்டுக்கொடு என்று பத்துப் பேர் வந்து நின்றார்கள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் நாளொன்றுக்குப் பதினொரு படம் வரைந்தாள். கடல் பதினொன்றையும் எடுத்துக்கொண்டது. அவள் விரல்கள் வீங்கி வளையல் கழற்ற முடியாமல் போனது. அப்போதுதான் இளைஞர் மன்றத் தலைவர் புருஷோத்தமனுக்கு அந்த யோசனை வந்தது. நல்ல எனாமல் பெயின்டில் ஒரே தடவை வரைந்துவிட்டால் அன்னக்கிளிக்கும் ஓய்வு, ஊருக்கும் நிம்மதி. மனுஷர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அலுப்பில் அவளும் தலையாட்டிவிட்டாள். பத்து வீடுகளிலும் பத்துப் பளபளப்பான படங்கள் எழுந்தன. அவள் சுவருக்கு வரும்போது பெயின்ட் தீர்ந்துபோனது, கரியிலேயே வரைந்துகொண்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால்கூட அதன்மேல் பேரெழுதி, பாதி வெளிச்சத்தை உள்ளேயே நிறுத்திவைப்போம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ‘உபயம்’ என்று போட்டு வீட்டுக்காரர் பெயர், அப்பா பெயர், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் பெயர் எல்லாம் சிவப்பில் எழுதினார்கள். புருஷோத்தமன் தன் பேனர் கடையின் போன் நம்பரையும் சேர்த்துக்கொண்டார். ஐந்தேகாலுக்கு அலை வந்தது. தடவிப் பார்த்தது, படம் வரவில்லை. மூன்று நாள் அப்படி வந்து வெறுங்கையோடு திரும்பியது. நாலாம் நாள் படங்களைச் சுவரோடு எடுத்துக்கொண்டு போனது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, டிவியையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு ஓட நேரமிருந்தது. பத்து வீடுகள் போயின. அன்னக்கிளி வீடு மட்டும் நின்றது.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். வீடு போய்ப் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தோடு தங்கியிருந்த தையல்நாயகி மட்டும் ஒருநாள் வழியில் நின்று, “உன் சொவுரு இன்னும் நல்லாதான் நிக்குது, இல்ல?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகும் ஆறு மாதம் அன்னக்கிளி வரைந்தாள். வீடில்லாதவர்கள் முதுகுக்குப் பின்னால் நடந்து போவது தெரியும், திரும்ப மாட்டாள். ஆதிமூலம் முதுகெலும்பு போய் வீட்டோடு கிடக்கும் மனுஷன். இந்த மணலை விட்டு வரமாட்டேன் என்று மகள் சிவசங்கரியிடம் பதினொரு வருஷமாகச் சண்டை போட்டவர். அவர் ஒருநாள் அன்னக்கிளியின் வீங்கிய கையைப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உட்டுடும்மே. வூடு போனா போவுது. நான்தான கட்டுனேன், நான் சொல்றேன்.”

அவள் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்குக் கொடுத்ததிலேயே பெரியது அதுதான்.

கடலை விட்டுத் தள்ளி, லாஸ்பேட்டையில் சிவசங்கரி பார்த்துவைத்த மூன்றாம் மாடி வீட்டுக்கு அந்த வாரமே போனார்கள். வீடு போன செய்தியை மறுநாள் மார்க்கெட்டில் கேள்விப்பட்டாள். அலை வந்து, வெறும் சுவருக்கு எதிரே ஆறரை மணிவரை நின்று பார்த்துவிட்டுத்தான் எடுத்ததாம். அன்னக்கிளிக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்காக வெட்கம் வந்தது அப்புறம்தான். அன்று சாயங்காலம் பாயை விரித்துப் படுத்தாள். ஒன்பது நாள் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் படுத்துத் தூங்கினாள்.

பத்தாம் நாள் சாயங்காலம் நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. காப்பாற்ற வீடில்லை, கேட்க ஆளில்லை. கை மட்டும் சும்மா இருக்கமாட்டேன் என்றது. காலையில் மார்க்கெட் வாசலில் ஒருத்தி வெயிலுக்குத் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது கண்ணிலேயே நின்றது. கதவுக்கு வெளியே, மாடிப்படி ஓரத்துச் சுவரில், அவளை வரைந்தாள். இந்தத் தடவை ஒருவருக்காகவும் இல்லை. ஐந்தேகாலுக்குக் கீழே ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்தன. கடல் ஈசிஆர் ரோட்டைக் கடந்து, விமான நிலைய மதிலை ஒட்டி, நேராகக் கட்டடத்துக்குள் நுழைந்து படியேறி வந்துகொண்டிருந்தது. மூன்று மாடி ஏறிய களைப்போ என்னவோ, கணுக்கால் அளவுக்குத்தான் இருந்தது. படத்தை எடுத்துக்கொண்டது.

“இங்கயும் வந்துட்டியா? இன்னும் எவ்ளோதான் கேப்ப?” என்று அன்னக்கிளி படியில் உட்கார்ந்து அழுதாள். அழுகை ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். சந்தோஷம்தான் கூடுதல்.

இரண்டாம் மாடியில் ஜொசியான் என்கிற அம்மாள் தனியாக இருந்தார். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்தவர், மகன் தியரி பாரிஸில். மாப்போடு மேலே ஏறி வந்தவர் பிரெஞ்சு கலந்து கேட்டார்: “அலோர், இது உங்க தண்ணியா? தினம் வருமா?” வரும் என்றாள் அன்னக்கிளி. “அப்ப அஞ்சு மணிக்கு செருப்பெல்லாம் எடுத்து வெச்சிடறேன்” என்று சொல்லிவிட்டுத் துடைத்துக்கொண்டே இறங்கினார். கட்டடத்தில் வேறு யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. மாடிப்படி சுத்தமாக இருப்பதாகத்தான் சொன்னார்கள்.

புரட்டாசியில் ஒருநாள் அன்னக்கிளிக்குக் கடுமையான காய்ச்சல். சுவர் வெறுமையாக இருந்தது. படம் இல்லாவிட்டால் கடல் எதை எடுக்கும் என்பது அவளுக்குத் தெரியும், இந்தக் கட்டடத்திலோ இருபது குடும்பம். எழுந்திருக்கப் பார்த்தாள், கால் நிற்கவில்லை. ஆதிமூலத்தாலும் எழ முடியாது. ஐந்தேகாலுக்குப் படியில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. கடல் கதவுக்கு வெளியே வந்து, வெறும் சுவரின் முன்னால் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மாப்பைப் பிடித்தபடி பின்னாலேயே ஏறி வந்த ஜொசியான், பால்காரரிடம் சொல்வது போல அதனிடம் சொன்னார்:

“அவங்களுக்கு ஒடம்பு சரியில்ல. நாளைக்கு வா.”

கடல் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு எதையும் எடுக்காமல், ஒவ்வொரு படியாக, சத்தமில்லாமல் இறங்கிப் போனது. அன்னக்கிளி அதைக் கேட்கவில்லை. அவள் தூங்கிவிட்டிருந்தாள்.